வால்புள்ளியும் பீலித் தண்ணீரும்

மைத்தூளைத் தண்ணீரில் கரைத்தால் துருப்பிடித்த கத்தியின் வாசம் வரும். அந்த வாசத்தோடுதான் எனக்கு இங்கிலீசு வந்தது. பேனா முள்ளை நாக்கில் தொட்டு ஈரம் பண்ணுகிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருந்தபடியால், பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது எங்கள் நாக்கு நாவற்பழம் தின்றது மாதிரி இருக்கும். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா எங்களை நிறுத்தி, "இங்கிலீசு தின்ட நாக்கா புள்ள, காட்டு பாப்பம்" என்பார். நாங்கள் நீட்டிக் காட்டிவிட்டு ஓடுவோம்.

எனக்குப் படிப்பு இரண்டரை வருஷந்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதத் தெரிந்ததால் இதை எழுதவில்லை. நடந்ததை வேறு விதமாகச் சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். எங்கள் தோட்டம் நமுனுகுல மலையடியில். அப்பா தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டு வண்டியைப் பண்டாரவளைக்கு ஓட்டுவார். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவருடைய தங்கச்சி, என் அத்தை, பதுளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து அடுப்படியில் சமைத்தாள். பிள்ளை இல்லாதவள். "இவளைக் கொஞ்ச நாள் நான் வச்சுக்கிறேன்" என்று என்னைக் கூட்டிப் போனாள். சமையல்காரி வீட்டுப் பிள்ளை என்று என்னைக் கடைசி வாங்கில் உட்கார வைத்தார்கள்.

இங்கிலீசு சொல்லிக்கொடுத்த மிஸ்ஸியம்மாள் ஒல்லியான வெள்ளைக்காரி. எதை விட்டாலும் விடுவாள், ‘கமா’வை விட மாட்டாள். ஒரு வாக்கியத்தின் தலைவாசலில் எப்போது, எங்கே, எதனால் என்று ஒரு துண்டு வந்தால், அந்தத் துண்டு முடிகிற இடத்தில் கமா போட்டே ஆகவேண்டும். ‘இன் த மார்னிங்’ என்று எழுதி ஒரு கமா. அப்புறந்தான் காலையில் என்ன நடந்தது என்பது. ‘ஆஃப்டர் த ரெயின்’ என்று எழுதி ஒரு கமா. அப்புறந்தான் மழை விட்டபிறகு என்ன ஆயிற்று என்பது. வாசித்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் மேசையில் ரூல்தடியால் ஒரு தட்டு தட்டுவாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த தட்டுக்குத்தான் விடவேண்டும். சில நாள் வேண்டுமென்றே அடுத்த தட்டைத் தட்டாமல் சும்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்குக் கண் பிதுங்கும். யாராவது ஒருத்தி வெடித்துச் சிரிப்பாள், வகுப்பே சிரிக்கும், எல்லோருக்கும் உள்ளங்கையில் ஓர் அடி விழும்.

கமா என்ற பேரை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. புள்ளிக்கு வால் முளைத்த மாதிரி இருந்ததால் அது எங்களுக்கு ‘வால்புள்ளி’. எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பேச்சில் அப்படி ஒன்று வேண்டியிருந்ததில்லை. நிற்கிற இடத்தில் வாய் தானாக நிற்கும். நான் வால்புள்ளி இல்லாமல்தான் எழுதுவேன், அடி வாங்குவேன். ஒரு நாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன், நிறுத்தாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று. மிஸ்ஸியம்மாள் கோபிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "நீ நிக்காட்டி, அவன் கேக்காது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வால்புள்ளி வைத்தேன். புரிந்து வைக்கவில்லை, கை வலித்தது, அதனால் வைத்தேன்.

பன்னிரண்டு வயதில் என்னைத் திரும்பத் தோட்டத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தம்பி பிறந்திருந்தான். வீட்டில் இன்னும் ஒரு கை வேண்டும். பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆள் கூட்டிப் பேர் எடுக்கிற இடத்தில், என் பேரையும் கொடுத்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, நெற்றியில் கூடைக்கயிறு. முதல் நாள் ராக்கு என்கிற பெண், என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். "கறுப்பு போயிருச்சு. இனிமே நீயும் எங்க சாதிதான்" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளின், ஓரத்தில் ஒரு பீலி இருந்தது. மேலே பாறையிலிருந்து வருகிற தண்ணீரைப் பிளந்த மூங்கிலில் பிடித்து விட்டிருந்தார்கள். குடிக்க, குளிக்க, பிள்ளை கழுவ எல்லாம் அதுதான். நான் வந்த வருஷம் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் புது மிஷின் வந்தது. அதை ஓட்டத் தண்ணீர்ச் சக்கரம் வைத்தார்கள். சக்கரத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று பாறைக்கு மேலேயே வாய்க்கால் வெட்டி, எங்கள் தண்ணீரை முழுக்கத் திருப்பிவிட்டார்கள். பீலி காய்ந்து மூங்கில் வெடித்தது. இனி நாங்கள் கீழே போய், ஸ்டோரையும் மாட்டுப்பட்டியையும் கழுவிக்கொண்டு வருகிற ஓடையில் மொள்ள வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. அங்கம்மா அக்காவின் பிள்ளை ஒன்பது மாதம். அது செத்துப்போயிற்று. அடுத்தது என் தம்பி படுத்தான். வயிற்றில் பால் நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், கால் விரல்களை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வந்தால் பிழைப்பான், வராவிட்டால் அங்கம்மா அக்கா பிள்ளை போன வழி. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரைக்கு யார் சொல்வது?

கங்காணியிடம் சொன்னோம். "துரை பாப்பாரு" என்றார். பெரட்டில் துரையிடமே சொல்ல அம்மா ஒரு நாள் முன்னே போனாள். துரையிடம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. பத்தடி தள்ளி நிற்கவேண்டும். கும்பிட வேண்டும். ‘சலாம் துரைகளே, தாயும் தகப்பனுமான துரைகளே, உங்க காலடியில கெடக்குற ஏழைங்க’ என்று தொடங்கி, அவர் குடும்பத்தை வாழ்த்தி, போன வருஷம் கம்பளி கொடுத்ததற்கு நன்றி சொல்லி, அப்புறந்தான் சங்கதிக்கு வரவேண்டும். அம்மா கம்பளிக்கு வருவதற்குள் குதிரை திரும்பிவிட்டது.

"நம்ம பேச்சுக்குத் தலைதான் இருக்கு, உடம்பு இல்ல" என்றாள் ராக்கு. "தலையைக் கேட்டுட்டே போயிர்றான்."

அப்போதுதான் அங்கம்மா அக்கா என்னைப் பார்த்தாள். கொழுந்து பறிக்கிற பெண்களில் அவள்தான் முன்நிரை, எல்லோருக்கும் முன்னால் போகிறவள். முப்பது வயது இருக்கும். பிள்ளை செத்ததிலிருந்து அதிகம் பேசுவதில்லை. "புள்ள, உனக்கு அவுங்க எழுத்து வருமில்ல? எழுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்தில் எங்கள் அறைக்குள், காம்பராவுக்குள், எழுதினேன். காகிதம் அப்பா பண்டாரவளையிலிருந்து கொண்டுவந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு வாழ்த்து எழுதச் சொன்னாள். துரைச்சாணியை வாழ்த்து என்றாள் ஒருத்தி. குதிரையையும் வாழ்த்திவிடு என்றாள் ராக்கு. எனக்கு அவ்வளவு இங்கிலீசு இல்லை. தெரிந்ததை எழுதினேன். இங்கிலீசில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

‘தண்ணீரைத் திருப்பிய நாள் முதல், எங்கள் பிள்ளைகள் நோயில் கிடக்கிறார்கள். கீழே ஓடையில், மாட்டுத் தண்ணீர் வருகிறது. இந்த மாதத்தில், ஒரு பிள்ளை செத்தது. நாளை, தண்ணீர் வேண்டும்.’

வால்புள்ளி வைக்கும்போதெல்லாம் பேனாவை அழுத்தி இழுத்தேன். ராக்கு எட்டிப் பார்த்தாள். "அது என்னாடி, பல்லிக் குட்டியா?"

"அங்கன நிக்கணும்" என்றேன்.

"யாரு நிக்கணும்?"

"படிக்கிறவரு."

"துரையவா நிக்கச் சொல்ற?" ராக்கு வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கம்மா அக்கா சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பெருசா வையி" என்றாள்.

துரைக்குப் போகிற காகிதம் எதுவானாலும் முதலில் ஆபீசில் கிளாக்கர் ஐயா கைக்குப் போகவேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நானும் அங்கம்மா அக்காவும் கொண்டுபோனோம். வாசலில் நிற்க வைத்தே படித்தார். ஒரு தரம் படித்தார், மறுபடி படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆர் எழுதினது? நீயோ?"

"ஆமாங்க."

"நாளைக்கு, தண்ணி வேணுமோ? உத்தரவோ போடுறாய்?" மேசையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். என் வால்புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தார். நாலு இடம். நாலையும் அடித்தார். "உனக்கேன் பிள்ளை உந்தக் குறியெல்லாம்? கூலியாக்கள் கடதாசி எழுதினா ஒரே மூச்சில எழுதவேணும். கெஞ்சிறவைக்கு நிப்பாட்டு இல்லை. விளங்குதோ?"

காகிதத்தை என் கையில் திணித்தார். "கொண்டு போ. துரை கண்டால் உன்ர கொப்பன்ர வண்டி ஓடாது."

திரும்பி வரும் வழியில் அங்கம்மா அக்கா கேட்டாள், அவர் எதை அடித்தார் என்று. சொன்னேன். அந்தக் குறி எதற்கு என்று கேட்டாள். முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிற்கவேண்டும், நின்றால்தான் அவன் கேட்பான் என்று மிஸ்ஸியம்மாள் சொன்னதைச் சொன்னேன்.

"நின்னா கேப்பானா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

லயம் வரும்வரை காகிதத்தில் சிவப்பு விழுந்த இடங்களை அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் எங்களுக்குப் புது மலை. தேயிலை நட்ட சரிவை மலை என்போம். புது மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்குமுன், விளைச்சல் பெருகவேண்டும் என்று, பொலி சொல்லுவது வழக்கம். முன்நிரைக்காரி "பொலியோ பொலி" என்று குரல் கொடுப்பாள். மற்றவர்கள் திருப்பிச் சொல்வோம். பிறகு முன்நிரைக்காரி முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போடுவாள். அவள் போடாமல் வேறு யாரும் செடியில் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த மலை அந்த வருஷம் பொய்த்துவிடும். இதில் கங்காணிக்கு எங்களைவிட நம்பிக்கை அதிகம்.

அங்கம்மா அக்கா பொலி சொன்னாள். நாங்களும் சொன்னோம். சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் கை கீழேயே இருந்தது.

நாங்கள் காத்திருந்தோம். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மறக்கவில்லை.

"ஏ அங்கம்மா" என்றார் கங்காணி, "பொலி சொன்ன வாய்க்குக் கை இல்லையா?"

"இருக்குங்க கங்காணி. நிக்குது."

"வேலை செய்ய மாட்டேங்குறியா? கச்சேரிக்குப் போகணுமா? மறியல்ல உக்காரணுமா?"

அந்தக் காலத்தில் வேலைக்கு மாட்டேன் என்றால் கச்சேரியில் வழக்கு வைத்து மறியலில், அதாவது ஜெயிலில், போடச் சட்டம் இருந்தது. அங்கம்மா அக்காவுக்கு அது தெரியும்.

"மாட்டேன்னு யாரு சொன்னா? பெரட்டுல பேரு குடுத்தோம். மலைக்கு வந்தோம். கூடை முதுகுல இருக்கு. பொலியும் சொல்லியாச்சு. அடுத்தது கொழுந்துதான். அது வரும்."

"எப்ப வரும்?"

"தண்ணி வாறப்ப வரும்" என்றாள் ராக்கு பின்னாலிருந்து.

கங்காணி ராக்குவிடம் திரும்பினார். "அவ எடுக்காட்டிப் போறா. நீ எடு."

"அய்யோ, நான் எடுத்தா மலை பொய்ச்சிரும். அப்புறம் கொழுந்து கொறையிறப்பல்லாம் எம் பேரச் சொல்லுவீங்க. நீங்களே எடுங்க கங்காணி. உங்க கை ராசியான கை."

கங்காணி கையை நீட்டினார். நான் பார்த்தேன். விரல் கொழுந்துக்குக் கிட்டே போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு மெள்ளப் பின்வாங்கித் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு.

வெயில் ஏறியது. கயிறு நெற்றியை அறுத்தது. உட்கார்ந்தால் வேலைக்கு மறுத்த கணக்காகிவிடும் என்று ஒருவரும் உட்காரவில்லை. அம்மா தம்பியை முதுகுத் துணியில் கட்டிக்கொண்டு எனக்கு அடுத்த நிரையில் நின்றாள். அவன் அழவும் இல்லை. அழாதது எனக்குப் பயமாக இருந்தது. கீழே ஸ்டோரில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றுகிற சத்தம் மலைக்குக் கேட்டது. அரைக்கக் கொழுந்து இல்லாமல் சும்மா சுற்றியது. அது எங்கள் தண்ணீர்.

பத்து மணி வாக்கில் துரை குதிரையில் வந்தார். தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழ் ஒரு தனித் தமிழ். அதில் ஆண் பெண் கிடையாது.

"ஏய் பொம்பளை! என்ன சமாச்சாரம்? ஏன் எல்லாம் சும்மா நிக்கறான்?"

அங்கம்மா அக்கா கும்பிட்டாள். "சலாம் துரை" என்றாள்.

நின்றாள்.

தாயும் தகப்பனும் வரவில்லை. காலடி வரவில்லை. கம்பளி வரவில்லை. துரை அவற்றுக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவை முடிவதற்குள் குதிரையைத் திருப்புவதுதான் அவர் பழக்கம். திருப்புவதற்கு ஒன்றும் வரவில்லை. குதிரை கால் மாற்றி நின்றது. அவர் எங்களைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், வானத்தைக்கூடப் பார்த்தார். நாற்பது பெண்கள் மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"சரி" என்றார் துரை கடைசியில். "சொல்லு."

எங்களில் ஒருத்தியைப் பார்த்துச் சொல்லு என்று ஒரு துரை சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"புள்ள, குடு" என்றாள் அங்கம்மா அக்கா. படங்குச் சாக்கு மடிப்பிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கிளாக்கர் ஐயா அடித்த சிவப்புக் கோடுகளால் நிற்கிற இடம் நாலும் தூரத்திலிருந்தே தெரிந்தன. துரை படித்தார்.

"யார் எழுதினது?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். "நான்" என்றேன்.

"இது என்ன செவப்பு?"

"ஆபீசுல போட்டது, துரை."

அவர் காகிதத்தில் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "செத்த பிள்ளை யாரது?"

"என்னுது" என்றாள் அங்கம்மா அக்கா.

துரை காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சாயந்தரம் தண்ணி வரும். இப்ப கொழுந்து எடு."

அங்கேதான் எல்லோரும் குனிந்திருப்போம். நானாக இருந்தால் குனிந்திருப்பேன். அங்கம்மா அக்கா, "வரட்டும் துரை. வந்ததும் எடுக்கிறோம்" என்றாள்.

துரையின் முகம் சிவந்தது. மறியல் என்றார், பொலிஸ் என்றார், இங்கிலீசில் நான் படிக்காத சொற்கள் சிலவும் சொன்னார். அவள் கும்பிட்டபடியே நின்றாள். அவர் குதிரையை அடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பொலிஸுக்குத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். ஒருத்திக்கு நின்ற இடத்திலேயே ஈரமாகிவிட்டது. ஆனாலும் அவளும் நின்றாள்.

மத்தியானம் தாண்டி, வாய்க்காலைத் தடுக்க இரண்டு ஆட்கள் பலகை சுமந்து போவது மேலேயிருந்து தெரிந்தது. லயத்து ஓரத்துப் பீலி நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்க்க ஒரு விரல் அளவுதான். நாங்கள் எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் மூங்கில் கறுத்தது. பிறகு மினுங்கியது.

அங்கம்மா அக்கா முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டாள்.

பாதித் தண்ணீர்தான் வந்தது. மீதிப் பாதி சக்கரத்துக்குப் போயிற்று. பாதி போதும். தம்பி பிழைத்தான். இப்போதும் இருக்கிறான், பல்தான் இல்லை.

சும்மா விடவில்லை. எங்களை அடிமட்டத்து ஒழுகுகிற லயத்துக்கு மாற்றினார்கள். என்னை ஒரு வருஷம் புல்லுவெட்டில் போட்டார்கள். காகிதமும் பேனாவும் எங்கள் காம்பராவில் இருக்கக் கூடாது என்று கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார். அங்கம்மா அக்காவையும் அவள் புருஷனையும் அந்த மாதக் கடைசியில் தோட்டத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள். எல்ல என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனதாகச் சொன்னார்கள். போகிற அன்று காலையில் சாமான் ஏற்றிய வண்டியைக் காக்க வைத்துவிட்டு, பீலிக்குப் போய், அவசரப்படாமல் தலைக்குக் குளித்து, முடி உலர்த்தி, பிறகுதான் ஏறினாள். வண்டிக்காரன் என் அப்பா. அவசரப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் அவளுக்குச் சொல்லவில்லை.

இப்போது துரைமார் இல்லை. குதிரைகள் இல்லை. மலையில் விசில் ஊதினால் கை வைக்கிறார்கள். பொலி சொன்னால் சின்னப் பெண்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். மைத்தூள் கடையில் கிடையாது. நான் படித்த இங்கிலீசும் என்னிடம் இப்போது பாதிக்குப் பாதி இல்லை.

அந்தத் துரை ஊருக்குப் போன பிறகு, பீலி இருந்த இடத்தில் சிமெந்துத் தொட்டி கட்டினார்கள். தொட்டி முகப்பில் ஒரு கல் பதித்தார்கள். இன்ன துரை தம்முடைய கூலிகள்மேல் இரக்கம் கொண்டு அளித்த தண்ணீர் என்று இங்கிலீசிலும் தமிழிலும் வெட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அங்கே நிறுத்தி, அதை வாசிக்கச் சொல்லுவார்கள். பிள்ளைகள் நன்றாக வாசிக்கும். என் பேரப்பிள்ளையும் வாசித்தது.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு பெருமழையில் தொட்டி வெடித்தது. கல் பெயர்ந்து கீழே, எழுத்து மேலே பார்க்க விழுந்தது. யாரும் தூக்கி வைக்கவில்லை. நான் அதில்தான் துணி துவைக்கிறேன். ‘இரக்கம்’ போயே போய்விட்டது. துரையின் பேரில் மூன்று எழுத்து இன்னும் கிடக்கிறது. அடித்துக்கொண்டிருக்கிறேன்.